எண்பது தப்படி

காலை ஆறரை மணிக்குப் பள்ளிச் சமையலறையில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கான மாட்டுக் கொத்துக்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ரோண்டா நியெமியின் முன்னால், உடன் வேலைசெய்யும் பெவ், மெழுகுத்தாளில் வைத்த எலுமிச்சைப் பார் ஒன்றை மெல்ல நகர்த்தினாள். வெண்ணெய் பிசைந்த மாவின்மேல் எலுமிச்சைக் கூழ் ஊற்றி வேகவைத்து, சதுரமாக வெட்டி, சர்க்கரைத்தூள் தூவிய பண்டம். ரோண்டா அதைத் தொடவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு?" என்றாள்.

"யாரும் சாகல. சாப்பிடு."

"சொல்லிட்டுப் போ பெவ். கறி அடிபிடிக்குது."

"உங்க அக்கா வீட்டை விக்கப்போறா. பனி விழறதுக்கு முன்னாடி தெக்கே பாலைவனத்துல டூசானுக்குப் போயிடறாளாம், மக வீட்டுப் பக்கத்துல. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றாள் ரோண்டா. தெரியாது.

எங்கள் ஊரில் கெட்ட செய்தி வெறுங்கையோடு வருவதில்லை. தாதுக்கப்பல் துறையில் ஆட்குறைப்பு என்றாலும், மருத்துவரின் முடிவு சரியில்லை என்றாலும், சொல்ல வருகிறவர் ஒரு தட்டோடுதான் வருவார். தட்டை மேசைமேல் வைப்பார். ஏரியில் பனிக்கட்டி எப்போது உடையும் என்று கால்மணி நேரம் பேசுவார். கிளம்பும்போது கதவுப்பிடியில் கை வைத்தபிறகே விஷயத்தைச் சொல்வார். சொல்லாமலே போய்விடுகிறவர்களும் உண்டு. தட்டு சொல்லிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ரோண்டாவும் அக்கா மார்லிஸும் பேசி அந்த மே மாதத்தோடு ஒன்றே முக்கால் ஆண்டாகியிருந்தது. இருவர் வீட்டுக்கும் இடையே நான்கு தெருக்கள்தான். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் சனிக்கிழமை மாலை தவறாமல் இருவரும் ஏரிக்கரையோரம் அலைதாங்கிச் சுவர்வரை நடந்து திரும்பியவர்கள். ஒரு செப்டம்பரில், ரோண்டாவின் நாய் ஓட்டோ வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடி, மார்லிஸின் கைக்கடக்கமான நாய் பிக்சியைக் கடித்துக் குதறியது. பிக்சி பிழைத்தது, இடது கண் போயிற்று. ஓட்டோவை ஊசிபோட்டு முடித்துவிட வேண்டும் என்றாள் மார்லிஸ். ரோண்டா மறுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு நடக்காதவைதான் அதிகம்.

ரோண்டா வேலை முடிந்து திரும்பும்போது, தேவையில்லாமல் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு, மார்லிஸின் கொல்லைப்புறம் தெரியும்படி காரை ஓட்டுவாள். முதியோர் இல்லத்துச் சலவையகத்தில் முப்பத்தோரு ஆண்டு உழைத்தவள் மார்லிஸ். கொடியில் துணி போடுவதில்கூட அவளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்தக் கொடியிலிருந்து அக்காவின் வாரத்தை ரோண்டா வாசித்துக்கொள்வாள். கம்பளி உள்ளாடை காய்ந்தால் மூட்டுவலி கூடியிருக்கிறது. இரண்டு போர்வை உறைகள் காய்ந்தால் மகள் வந்துபோயிருக்கிறாள். ஒன்றும் காயவில்லையென்றால் அன்றிரவு ரோண்டாவுக்கு உணவு இறங்காது. இனி அந்தக் கொடியும் இருக்காது என்பதைத்தான் பெவ் அந்தக் காலையில் மெழுகுத்தாளில் மடித்துக் கொடுத்திருந்தாள்.

நாயை வீட்டில் விட்டுவிட்டு அக்காவின் கதவைத் தட்டியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். அப்படித் தட்டத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ரோண்டா கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்து கொரின் பியூலியூ இருக்கிறாளா என்று கேட்டாள்.

கொரின் அங்கே உதவியாளர், முப்பத்தைந்து வயதிருக்கும், சனிக்கிழமைகளில் தீவனக்கடையின் பின்புற மைதானத்தில் முரட்டு நாய்களைப் பழக்குவாள். ஓட்டோவை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் அதனிடம் போகவேயில்லை. மைதானத்தின் கோடியில் தன்னுடைய கிழட்டு வேட்டைநாயை நிறுத்திவிட்டு, மூங்கில்போல் விறைத்துப் பின்னங்கால்களில் எழுந்து நின்று குரைக்கும் ஓட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் சண்டைக்காரன் இல்லீங்க ரோண்டா. பயந்தாங்கொள்ளி. 'கிட்ட வராத, கிட்ட வராத'ங்கறான். அவன் பாஷையில கொஞ்சம் சத்தமா."

"ஊரே அவனைக் கொலைகாரன்னு சொல்லுது."

"ஊரைப் பழக்க எனக்குத் தெரியாது. இவனைப் பழக்கலாம். உங்களுக்கு என்ன வேணும்? இவன் என்ன செய்யணும்?"

ரோண்டா கழுத்து வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஒரு குட்டி நாய் பக்கத்துல இவன் நடக்கணும். அலைதாங்கி வரைக்கும். அக்டோபருக்குள்ள."

"எந்தக் குட்டி நாய்?"

ரோண்டா சொன்னாள். கொரின் தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டாள்.

முதல் ஐந்து வாரம் வேட்டைநாயோடு கழிந்தது. கற்றுக்கொள்ள வேண்டியவை நாயைவிட ரோண்டாவுக்கே அதிகம் இருந்தன. வாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுகிய வார் நாய்க்கு ஆபத்தைச் சொல்கிறது. அது தூளிபோல் தொய்ந்திருக்க வேண்டும். ஓட்டோ மற்ற நாயைப் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். பார்த்தும் குரைக்காமல் இருக்கக்கூடிய தூரம் எதுவோ அங்கே நிற்க வேண்டும். பார்த்த கணத்தில், கடிக்காதபடி அதன் வாயில் மாட்டிய கூட்டின் கம்பிகளுக்கிடையே ஒரு துண்டு சீஸ். வாய் மூடி, காது விறைத்து, மூச்சு நின்றால் தூரம் போதவில்லை என்று பொருள், பின்வாங்கிவிட வேண்டும். பின்வாங்குவதில் வெட்கமில்லை என்று கொரின் ஒவ்வொரு வாரமும் சொன்னாள். ரோண்டாவுக்கு அதுமட்டும் இயல்பாக வந்தது.

மார்லிஸிடம் பேசப் போனவள் கொரின்தான். திரும்பிவந்து காரின் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"வராங்களாம். உங்களுக்காக இல்லியாம். பிக்சிக்கு நாயைக் கண்டாலே நடுக்கமாம், டூசான்ல அந்தக் குடியிருப்பு முழுக்க நாயாம், அதுக்காகவாம்."

"அப்புறம்?"

"நீங்க ஒரு பாதை, அவங்க ஒரு பாதை. பேச்சு கிடையாது."

எங்கள் ஊரின் கிழக்குப் பக்கத்தில் அதற்கென்றே அமைந்ததுபோல் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ஏரியை ஒட்டிய நடைபாதை. மற்றொன்று தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட பழைய ரயில் மேடு. பள்ளிக்கூடத்தருகே இரண்டுக்கும் இடையே எண்பது தப்படி இருக்கும், நடுவில் புல்வெளி. போகப்போக இடைவெளி குறையும். படகு இறக்கும் சரிவருகே நாற்பது. வளைவைத் தாண்டி மீன் புகைபோடும் கொட்டகையருகே இருபது. அலைதாங்கிச் சுவரின் அடியில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஓட்டோ எவ்விடம்வரை அமைதியாக வருகிறதோ அவ்விடத்தில் திரும்பிவிடுவது. அடுத்த வாரம் இன்னும் சற்றுத் தூரம் போவது. இதுதான் கொரினின் திட்டம்.

ஜூன் கடைசியில் முதல் நடை. ஏரியிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது; புல்வெளியில் நீல லூபின் பூக்கள் முழங்கால் உயரம் நின்றன. ரயில் மேட்டின்மேல் சிவப்பு மழைச்சட்டையோடு மார்லிஸ் தோன்றினாள். காலடியில் வெள்ளைப் பொட்டாகப் பிக்சி. ஓட்டோ பார்த்தது. ஒரு துண்டு சீஸ். மறுபடி பார்த்தது. மறுபடி ஒரு துண்டு. இருவரும் நடந்தார்கள். இருநூறு தப்படி நடக்கும்வரை மார்லிஸ் தன் நிபந்தனையைக் காப்பாற்றினாள்.

"அது அம்மா கோட்டுதானே?" என்று எண்பது தப்படிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

ரோண்டா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். "ஆமா!"

"எனக்குத்தான்னு சொல்லிட்டு இருந்தா அம்மா!"

"எடுத்துக்கோ!"

"எனக்கு எதுக்கு? டூசான்ல எவ கோட்டுப் போடறா?"

அந்த ஊர்ப்பெயர் இருவருக்கும் நடுவில் முதன்முதலாக உச்சரிக்கப்பட்டது இப்படித்தான். ஓட்டோவுக்கு ஒரு துண்டு அதிகமாகக் கிடைத்தது.

அந்தக் கோடைக்காலம் முழுதும் சகோதரிகள் இருவரும் கத்திக்கொண்டே நடந்தார்கள். நாய்கள் சத்தத்துக்குப் பழகிவிட்டன. ஊர்தான் பழகச் சிறிது காலமாயிற்று. மார்லிஸின் முழங்கால் எக்ஸ்ரேயில் என்ன இருந்தது என்பதும், ரோண்டாவின் முன்னாள் கணவன் கேரி இப்போது யாரோடு இருக்கிறான் என்பதும், படகுச் சரிவில் தன் பழைய படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும் கென்னிவரை எல்லாருக்கும் கேட்டன.

"அந்தப் பல் டாக்டர் ஆபீஸ்காரியோடயா இன்னும்?"

"ஆமா! முப்பத்தெட்டு வயசு அவளுக்கு!"

"கேரிக்குப் பல்லு நல்லா இருக்குமே இப்ப!"

"இருக்கற நாலு பல்லும் நல்லா இருக்கும்!"

"அஞ்சும்மா, நான் எண்ணியிருக்கேன்!" என்றார் கென்னி படகின் கீழிருந்து.

ஜூலையில் இடைவெளி எழுபதாகி அறுபதாயிற்று. ப்ளூபெர்ரி பழுத்த வாரத்தில் ஐம்பத்தைந்து. பிக்சி குருட்டுக் கண்ணிருந்த பக்கம் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டோவை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டது. வாரம் ஆறு நாளும் ரோண்டா அந்த ஒரு மணி நேரத்துக்காகவே சீஸ் வெட்டினாள். சுண்டுவிரல் நகத்தளவு, அதற்குமேல் கூடாது. வெட்டும்போது அடுத்த சனிக்கிழமை கத்த வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். சொல்லவேண்டியது ஒன்று எப்போதும் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

ஆகஸ்டின் நடுவில், படகுச் சரிவருகே, எல்லாம் பின்னோக்கிப் போயிற்று. ஓட்டோ எழுந்து நின்று, மே மாதத்தில் குரைத்ததுபோலக் குரைத்தது. அடுத்த வாரம் எழுபது தப்படியிலேயே குரைத்தது. வீட்டில் சாவி எடுக்க ரோண்டா கோட்டுப் பைக்குள் கை விட்டபோது, ஆளில்லாத ஜன்னலைப் பார்த்து உறுமியது. அன்றிரவு ரோண்டா நாட்காட்டியின் முன் நின்று சனிக்கிழமைகளை எண்ணினாள். எட்டு இருந்தன.

கொரின் மறுவாரம் நாயைப் பார்க்கவில்லை. படகுச் சரிவின் மேடையில் உட்கார்ந்து ரோண்டாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரையும் நிறுத்தினாள்.

"ரோண்டா, பிக்சி வளைவுல தலை காட்டறதுக்கு முன்னாடியே உங்க கை பைக்குள்ள போகுது."

"ஆமா. பாவம், கொஞ்சம் முன்னாடியே குடுத்துட்டா அவனுக்கு அதிர்ச்சி குறையும்னு."

"எத்தனை நாளா?"

"எல்லா நாளும்தான். நாய் வருதுன்னு எனக்குத் தெரிஞ்சதும் குடுத்துடுவேன்."

"அவன் எடத்துல இருந்து பாருங்க. சும்மா நடந்துட்டிருக்கான். திடீர்னு சீஸ் வருது. சீஸ் வந்தா என்ன ஆகுது? நாய் வருது. இப்ப சீஸைப் பார்த்தாலே வயத்தைக் கலக்குது அவனுக்கு. நீங்க ஆறுதல் சொல்லல. அபாயச் சங்கு ஊதியிருக்கீங்க." அவள் குரலைத் தணித்தாள். "முதல்ல பிக்சி. அப்புறம் சீஸ். பிக்சிதான் சீஸைக் கொண்டு வரணும்."

ரயில் மேட்டிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. மார்லிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றாள் ரோண்டா.

"நாய்க்கும் பார் குடுத்திருக்கியேடி! அவனுக்கும் நம்ம வீட்டு வழக்கத்தைக் கத்துக்குடுத்துட்ட!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொரின், கேட்டுக்கோ. அம்மாவுக்குப் புத்துநோய்னு இவ எங்கிட்ட எப்படிச் சொன்னா தெரியுமா? ருபார்ப் பார். தட்டு நிறைய. ஒண்ணு சாப்பிட்டேன், ரெண்டு சாப்பிட்டேன், மூணாவது கையில இருக்கறப்ப சொன்னா. இருபது வருஷம் ஆச்சு. ருபார்ப் செடியைப் பார்த்தாலே எனக்கு வயிறு புரளும்."

"நீ மட்டும் என்ன? அப்பாவைத் துறையில வேலையை விட்டு எடுத்தப்ப நீ எனக்குத் தேங்காய்ப் பாரைக் குடுத்துட்டுச் சொல்லாமலே போயிட்ட!"

"நீயே புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன்!"

"பிறந்தநாள் பலகாரம்னு நெனச்சேன் நான்!"

கென்னியின் சுரண்டி நின்றுவிட்டது. கொரின்கூடச் சிரித்தாள். ஆனால் மார்லிஸின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இவன் பிக்சியைக் கடிச்சானே, அதுக்கு மறுநாள் காலைல," என்றாள், இந்த முறை கத்தாமல். ஏரி அமைதியாக இருந்ததால் கேட்டது. "என் வாசப்படியில ஒரு டின். எலுமிச்சைப் பார். கதவைத் தட்டக்கூட இல்ல நீ. ஜன்னல் வழியா உன் முதுகைப் பார்த்தேன். சரி, டின் வந்திருக்கு, பின்னாடியே வார்த்தை வரும்னு மூணு நாள் பிரிக்காம வச்சிருந்தேன். நாலாம் நாள் எடுத்துட்டுப் போய் ஏரிப் பறவைங்களுக்குப் போட்டேன்."

கென்னி சுரண்டியைக் கீழே வைத்தார்.

"அதுங்களும் யோசிச்சுத்தான் தின்னுச்சு," என்று சொல்லிவிட்டு அவள் பிக்சியைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுதும் ரோண்டா பண்டம் எதையும் செய்யவில்லை. பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது; பாத்திரங்களைத் தேய்த்துவைக்கப் போனவள், மாவு டப்பாவைத் திறந்து மூடிவிட்டு வந்தாள் என்று பெவ் பிற்பாடு சொன்னாள். சனிக்கிழமை மறுபடி எண்பது தப்படியிலிருந்து தொடங்கினார்கள். கையைக் கோட்டுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள் ரோண்டா. பிக்சி தெரிந்தது. ஓட்டோ பார்த்தது, காது விறைத்தது, அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, அதன்பிறகே பைக்குள் கை விட்டாள். ஓட்டோ சந்தேகத்தோடு வாங்கிக்கொண்டது. எதிரே மார்லிஸ் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை.

"மார்லிஸ்! என் வேலிக்கதவுக் கொண்டி ஆடிட்டிருந்தது எனக்குத் தெரியும்!"

"என்னது?"

அதை மறுபடி கத்தவேண்டியிருந்தது. அடுத்ததையும்.

"கொண்டி! திருகாணி விழுந்துடுச்சு! ஒன்பது நாளா எனக்குத் தெரியும்! புது ஆணி வாங்கிட்டு வந்து சமையல்கட்டு இழுப்பறையில போட்டு வச்சிருந்தேன்! நாளைக்கு, நாளைக்குன்னு!" குரல் உடைந்தது, ஆனால் எண்பது தப்படிக்கு உடைந்த குரலும் உரக்கத்தான் போகவேண்டும். "நாயைக் கொல்லுன்னு நீ சொன்ன! எப்படிக் கொல்றது? அவன் தெறந்த கதவு வழியா வந்தான்! தெறந்து வச்சது நான்! உன்னைவிட அவன் பெருசுன்னு நான் நெனக்கல மார்லிஸ்! என் தப்புக்கு அவன் சாகறதான்னுதான்! அதை உங்கிட்ட சொல்லாம, நீ என்ன வேணா நெனச்சுக்கோன்னு விட்டுட்டேன்!"

மார்லிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு குனிந்து, கஷ்டப்பட்டு, பிக்சியைத் தூக்கிக்கொண்டாள். ரயில் மேட்டில் வந்த வழியே திரும்பி நடந்தாள். சிவப்புச் சட்டை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மறையும்வரை ஓட்டோ பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மார்லிஸ் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவதும். வீட்டின்முன் நட்டிருந்த பலகையில் 'விற்கப்பட்டது' என்று குறுக்கே ஒட்டினார்கள். பழைய சாமான் விற்பனையன்று ஊர்ப் பெண்கள் அவளுடைய தட்டுகளையும் தேய்ப்புப் பலகையையும் வாங்கிப்போனார்கள். ரோண்டா காரை நிறுத்தாமல் இருமுறை சுற்றிவந்தாள். ஆயினும் மாலை நான்கு மணிக்கு ஓட்டோவை அழைத்துக்கொண்டு நடைபாதைக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. கொரின் தன் வேட்டைநாயை மேட்டில் நடத்தினாள். பைக்குள் கை போனால் நல்லது வரும் என்று ஓட்டோ மெல்ல மறுபடி நம்பத் தொடங்கியது. இருபத்தைந்து தப்படியில் வேட்டைநாயைப் பார்த்துவிட்டு, தானாகவே தலையைத் திருப்பி ரோண்டாவின் முகத்தைப் பார்த்தது.

"பாத்தீங்களா? 'அதோ நாய், எங்கே என் பங்கு'ங்கறான்," என்றாள் கொரின். "இதுக்குத்தான் இத்தனை பாடும்."

"நல்லது," என்றாள் ரோண்டா. அவள் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் கடைசியில், பர்ச் மரங்கள் மஞ்சளாகி, வடகிழக்குக் காற்றில் ஏரி சாம்பல் நிறமாக மோதிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, சிவப்புச் சட்டை மேட்டின்மேல் நின்றிருந்தது. ரோண்டாவின் வார் இறுகியது, உடனே தளர்த்திக்கொண்டாள்.

"ஒன்பது நாள்," என்றாள் மார்லிஸ்.

"ஆமா!"

"ஒரு திருகாணி!"

"ஆமா!"

"ரெண்டு வருஷமா நான் என்ன நெனச்சிட்டிருந்தேன்னு தெரியுமா? என் தங்கச்சிக்கு என்னைவிட நாய் உசத்தின்னு. அதையாவது தாங்கிக்கலாம்டி! ஆசைன்னு ஒண்ணு இருக்கு. இப்ப என்னடான்னா வெறும் சோம்பேறித்தனம்!"

காற்று இருவருக்கும் நடுவே புல்லைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

"நானும் கதவைத் தெறந்து ஏண்டி ஓடறன்னு கேட்டிருக்கலாம் அன்னிக்கு," என்றாள் மார்லிஸ். இதை அவள் கத்தவில்லை, காற்றுதான் கொண்டுவந்தது. பிறகு கத்தினாள். "நட! குளுருது! முட்டி வலிக்குது!"

நடந்தார்கள். அன்று இருபதுவரை போனார்கள். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. மூன்றாவது சனிக்கிழமைதான் கடைசி. திங்கட்கிழமை காலை மகள் வந்து காரில் அழைத்துப்போவதாக ஏற்பாடு.

அன்று காற்றில்லை. ஏரி எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. தொலைவில் தாதுக்கப்பல் ஒன்று நகராததுபோல் நகர்ந்துகொண்டிருந்தது. புகைபோடும் கொட்டகையில் மேப்பிள் விறகின் வாசம். அதைத் தாண்டி இரண்டு பாதைகளும் நெருங்கி நெருங்கிச் செல்லும் இடத்தில், நடுவில் ஆறு தப்படிப் புல் மட்டுமே எஞ்சியிருக்க, ஓட்டோ பிக்சியைப் பார்த்தது. பிக்சி குருட்டுப் பக்கத்தைத் திருப்பி, மூக்கை உயர்த்தி, ஒரு தும்மல் தும்மிற்று. ஓட்டோவின் வாய் திறந்து நாக்கு தொங்கியது. அது ரோண்டாவின் முகத்தைப் பார்த்தது. ஒரு துண்டு சீஸ்.

"கிளம்பறதுக்கு முன்னாடி குழாயில தண்ணியை வடிச்சு விட்டியா, குளிர்ல உறைஞ்சு வெடிக்காம?" என்று ரோண்டா கேட்டாள், கோடை முழுதும் கேட்ட அதே குரலில்.

"கத்தாதடி," என்றாள் மார்லிஸ். "பக்கத்துலதான் இருக்கேன்."

ரோண்டா வாயை மூடிக்கொண்டாள். இவ்வளவு அருகில் எந்த அளவுக் குரலில் பேசுவது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. மார்லிஸின் முன்தலை முழுதும் நரைத்திருப்பதை, மூக்குக்கண்ணாடி புதிது என்பதை, எண்பது தப்படியிலிருந்து தெரியாதிருந்த எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டு நடந்தாள். மார்லிஸும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

"எளைச்சுட்டே நீ," என்றாள் மார்லிஸ் கடைசியில்.

"சீஸ் எல்லாம் இவன் திங்கறான்."

அலைதாங்கிச் சுவரின் அடி கண்ணெதிரே தெரிந்தது. இன்னும் முப்பது அடி நடந்தால் இரண்டு பாதையும் ஒன்று. பின்னால் வந்துகொண்டிருந்த கொரின் அப்போது கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க. ஓட்டோ உதட்டை நக்கறான் பாருங்க. அவனுக்கு இன்னிக்கு இவ்வளவுதான். நல்லா இருக்கறப்பவே நிறுத்திடணும். இதைத் தாண்டினா எல்லாம் கெட்டுடும்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இப்படியொரு விதி வாய்த்துவிட்டால் அதை மீற மாட்டார்கள். சகோதரிகள் இருவரும் உடனே நின்றுவிட்டார்கள். அது இருவருக்கும் வசதியாக இருந்தது. இருவருக்கும் அது தாங்க முடியாததாகவும் இருந்தது.

"அப்ப ஆறு தப்படி பாக்கி," என்றாள் மார்லிஸ்.

"கிறிஸ்துமஸுக்கு வருவியா?"

"கிறிஸ்துமஸுக்கு இந்த ஊருக்கு எவ வருவா? ஜூன்ல." பிக்சியின் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "அதுவரைக்கும் இவனை விட்டுடாத. நடத்திட்டே இரு. மறந்துடுவான்."

"மறக்க மாட்டான்."

"நாய்ங்க மறந்துடும்டி."

அவள் மேட்டின் வழியே திரும்பினாள். ரோண்டா ஏரியின் வழியே. போகப்போகப் புல்வெளி அகன்றது. படகுச் சரிவருகே மார்லிஸ் திரும்பிப் பார்க்காமலே எதையோ கத்தினாள். கென்னி கூடத் தன் படகை மூடிக் கட்டிவிட்டுப் போய்விட்டிருந்ததால், அது என்னவென்று ரோண்டாவுக்குச் சொல்ல யாருமில்லை. அவள் கையை மட்டும் உயர்த்தினாள்.

அடுத்த சனிக்கிழமை மழையும் பனியும் கலந்து விழுந்தன. நான்கு மணிக்கு ரோண்டா வாய்க்கூட்டை மாட்டி, வாரை எடுத்துக்கொண்டு, நடைபாதைக்குப் போனாள். பர்ச் மரங்கள் முற்றிலும் உதிர்ந்துவிட்டிருந்தன. ரயில் மேடு பள்ளிக்கூடம் முதல் அலைதாங்கிவரை மறைவில்லாமல் தெரிந்தது. அதில் ஆளில்லை, நாயில்லை. வளைவருகே ஓட்டோ நின்றுவிட்டது. காதுகளை முன்னே தள்ளி, மேட்டின்மேல் எப்போதும் சிவப்பு தோன்றும் இடத்தை அது பார்த்தது. விறைப்பில்லை, வாய் தளர்ந்திருந்தது, வால் தாழ்வாக இருமுறை அசைந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பி, ரோண்டாவின் முகத்தைப் பார்த்தது.

பார்க்க எதுவும் இல்லாதபோது எதுவும் கொடுக்கக் கூடாது என்று கொரின் பலமுறை சொல்லியிருந்தாள். ரோண்டா வாரைத் தளரவிட்டபடி நின்றாள். ஈரப்பனி அவள் இமைகளில் விழுந்து கரைந்தது. அவளும் மேட்டின்மேல் அந்த இடத்தைப் பார்த்தாள். ஓட்டோ பார்த்த அளவு நேரம் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டாள்.